துணை வராத திருத்தம்!

2023 டிசம்பர் முதல் வாரம். ‘மிக்ஜாம்’ புயல் மழையால் அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளக்காடாகிக் கிடந்தது. இயந்திரங்கள் நீரில் மூழ்கின. அதே வாரத்தில் உலகெங்கும் பல கம்ப்யூட்டர்களை வேறோர் ஆபத்து சூழ்ந்திருந்தது. அது பழுது பார்க்க வந்தவன் உருவிலேயே வந்தது!

பழையதற்கும் மருந்து

கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்களில் ஒன்று லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் 1991-ல் ஆக்கியது. அதன் மையப் பகுதிக்குக் ‘கெர்னல்’ என்று பெயர். புதிய கெர்னலில் ஒரு பிழை திருத்தப்பட்டால், பழைய நிலைத்த பதிப்புகளுக்கும் அத்திருத்தத்தைக் கொண்டு செல்வார்கள். பழையதையே நம்பி ஓடும் தொழிற்சாலைகள் உண்டு அல்லவா?

பிசகிய கணக்கு

அப்படித்தான் 6.1.64-ம் பதிப்புக்கு ஒரு திருத்தம் சென்றது. அதற்குத் துணையான மற்றொரு மாற்றம் புதிய கெர்னலில் இருந்தது, பழையதில் இல்லை. ஒரு பல்சக்கரத்தை மாற்றிவிட்டு, அதனோடு சேரும் சக்கரத்தை மாற்றாமல் விட்டது போலாயிற்று. விளைவு? கோப்பில் எழுதும் இடத்தின் கணக்கு சில சமயம் பிசகிற்று. தகவல்கள் சிதையும் நிலை ஏற்பட்டது.

டிசம்பர் 9-ந் தேதி வெளிவரவிருந்த ‘டெபியன்’ 12.3 பதிப்பு நிறுத்தப்பட்டது. மறுநாளே, கோளாறு நீங்கிய 6.1.66 கெர்னலுடன் 12.4 வெளிவந்தது.

பத்தியம்

கருவிகளை இயக்கும் ‘டிரைவர்’ திருத்தங்களுக்கும் இதே விதிதான். பின்னால் வரும் திருத்தம், முன்பு வந்த எதன் குறையைத் தீர்க்கிறது என்று அதிலேயே குறிப்பார்கள். முன்னது போன இடமெல்லாம் பின்னதும் போகவேண்டும்.

மருந்து கொடுத்தவன் பத்தியமும் சொல்லவேண்டும்!