விசிறி சுழன்றும் திரை விழிக்காதது ஏன்?

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தியவுடன் மின்சாரம் நேராக யந்திரத்துள் பாய்கிறது என்று எண்ணுவது சகஜமே ஆயினும், அந்தப் பொத்தான் மின்சாரத்தைத் திறந்துவிடும் மதகன்று. சுவர் சுவிட்சைப் போட்டது முதலே 5 வோல்ட்டில் காத்திருக்கும் சிறு மின்னோட்டத்தின் துணையால் மதர்போர்டு, பவர் சப்ளைக்கு விடுக்கும் விண்ணப்பத்தின் தூண்டுகோலே அது. விண்ணப்பம் கிடைத்ததும் பவர் சப்ளை 12, 5, 3.3 வோல்ட் மின்னழுத்தங்களை எழுப்பி, அவை ஸ்திரப்பட்டன என்று நிச்சயித்துக்கொண்டு, சுமார் அரை விநாடிக்குள் ஒரு சம்மத சமிக்ஞை அனுப்புகிறது. அது வரும்வரை பிராசஸர் ஓர் ஆணையையும் நிறைவேற்றாது. விசிறிக்கோ இந்த நியமம் ஏதுமில்லை. 12 வோல்ட் கிடைத்தால் சுழலும். ஆகவே அது சுழல்வதைக் கண்டு பவர் சப்ளையில் தோஷமில்லை என்று தீர்ப்பளிப்பது அவசரபுத்தி.

சம்மதம் கிடைத்தபின், பயாஸ் என்னும் தொடக்க மென்பொருளில் எழுதப்பட்ட சுயபரிசோதனை ஆரம்பமாகிறது. திரைக்கு உயிர் வருமுன்பே ராம் என்னும் நினைவகம் பரிசோதிக்கப்படுவதால், அங்கே குறை கண்டால் எழுத்தில் தெரிவிக்க மார்க்கமின்றி, 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் காலந்தொட்டு, கணினி 'பீப்' என்ற ஒலியால் முறையிடுகிறது. அந்த ஒலிகளின் அர்த்தம் பயாஸுக்குப் பயாஸ் வேறுபடுவது பெரிய சங்கடம். ஸ்பீக்கரே இல்லாத இக்காலப் போர்டுகள் பலவற்றில் சிறு விளக்கொன்று அவ்வேலையைச் செய்கிறது.

ராமின் குறை பெரும்பாலும் அற்பமானது. தொடுமுனைகளில் தூசியோ மெல்லிய படலமோ படிந்திருக்கும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, ராமைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்தினால், அந்த உராய்வே படலத்தைக் கிழித்துத் தொடர்பை மீட்டுவிடுவதுண்டு.