கணினி நிராகரித்தால் யாரைக் கேட்பது?

சிங்கப்பூரில் ஐந்து பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று அவர்களிடம் ஒரு திட்டத்தை ஒப்படைக்கிறது. வேலை கேட்டுக் குவியும் விண்ணப்பங்களைப் படித்து, விண்ணப்பதாரர்களைத் தரவரிசைப்படுத்தும் மென்பொருள் வேண்டும். சிங்கப்பூர் அலுவலகத்தில் கடந்த பத்து ஆண்டுகளில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் பதிவுகளைக் கொண்டு செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி அளிக்கலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள கிளையும் அதே மென்பொருளைப் பயன்படுத்தும். மூன்று மாத வேலை. பார்ப்பதற்குச் சாதாரணமான திட்டம்தான்.

ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இதை ‘உயர் அபாயம்’ உடையதாக வகைப்படுத்துகிறது. அச்சட்டம் 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதன் விதிகள் படிப்படியாகச் செயல்படுத்தப்படுகின்றன. ஒரு மென்பொருள் எவ்வளவு நவீனமானது என்பதைவிட, அது எதற்குப் பயன்படுகிறது என்பதையே அச்சட்டம் முதன்மையாகப் பார்க்கிறது. வேண்டாத மின்னஞ்சலை வடிகட்டும் மென்பொருளுக்குப் பெரிய கட்டுப்பாடு இல்லை. வாடிக்கையாளருடன் உரையாடும் மென்பொருள், பேசுவது இயந்திரம் என்பதைத் தெரியப்படுத்த வேண்டும். வேலைக்கு ஆள் எடுப்பது, பள்ளிச் சேர்க்கையை முடிவு செய்வது, கடன் பெறும் தகுதியை மதிப்பிடுவது ஆகியவை உயர் அபாயப் பிரிவில் அடங்கும். பள்ளியிலோ பணியிடத்திலோ முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளுக்கு, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களைத் தவிர, தடையே விதிக்கப்பட்டுள்ளது. தடையை மீறும் நிறுவனத்துக்கு 35 மில்லியன் யூரோ அல்லது அதன் உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 விழுக்காடு, இவற்றுள் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம். சிறு நிறுவனங்களுக்கு மட்டும் இவற்றுள் குறைவான தொகையே உச்சவரம்பு. மென்பொருள் சிங்கப்பூரில் எழுதப்பட்டாலும், அது தரும் முடிவு ஹாம்பர்க்கில் பயன்பட்டால் இச்சட்டம் பொருந்தும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? நெதர்லாந்தில் நடந்ததை அறிந்தால் புரியும். குழந்தைப் பராமரிப்புக்கு அரசாங்கம் வழங்கும் உதவித்தொகையில் மோசடி நடக்கிறதா என்று கண்டறிய, அந்நாட்டின் வரித்துறை ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. அது விண்ணப்பங்களுக்கு அபாய மதிப்பெண் கொடுத்தது. விண்ணப்பித்தவர் நெதர்லாந்துக் குடியுரிமை இல்லாதவர் என்பதும் அந்த மதிப்பெண்ணை உயர்த்தும் காரணங்களுள் ஒன்றாக இருந்தது. மதிப்பெண் கூடிய விண்ணப்பங்களை அதிகாரிகள் சரிபார்த்தார்கள் என்பது உண்மையே. ஆனால், கணினி ஏன் ஒருவரைச் சந்தேகித்தது என்ற விளக்கம் அந்த அதிகாரிகளுக்கே தரப்படவில்லை. விதிகளும் கடுமையாக இருந்ததால், படிவத்தில் நேர்ந்த சிறு பிழைக்காகக்கூடப் பெற்ற தொகை முழுவதையும் திருப்பிக் கட்டும்படி பலருக்கு உத்தரவிடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் மூழ்கின. தாங்கள் செய்த தவறு என்ன என்று கேட்ட பெற்றோர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இறுதியில், 2021 ஜனவரியில் பிரதமர் மார்க் ருட்டேயின் அரசாங்கம் பதவி விலகியது.

இனி அந்த ஐவர் குழுவுக்குத் திரும்புவோம். அவர்கள் முதலில் ஆராய வேண்டியது தரவு. கடந்த காலத்தில் கிடங்கு மேற்பார்வையாளர்களாக எடுக்கப்பட்டோர் பெரும்பாலும் ஆண்கள் என்றால், ஆண்களே தகுதியானவர்கள் என்று மென்பொருள் கற்றுக்கொள்ளும். ஆணா, பெண்ணா என்ற விவரத்தை நீக்கிவிட்டால் போதாதா? போதாது. தன்விவரக் குறிப்பில் ‘தேசிய சேவை’ என்று ஒரு வரி இருந்தாலே, எழுதியவர் பெரும்பாலும் ஆண் என்பது தெரிந்துவிடும். படித்த பள்ளியின் பெயரும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

எந்தத் தரவைப் பயன்படுத்தினார்கள், என்ன சோதனை செய்தார்கள், எங்கே பிழை கண்டார்கள் என்பதையெல்லாம் எழுதிவைப்பதும் சட்டம் கேட்கும் கடமை. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு இது சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆயினும், முதல் நாளிலிருந்து எழுதிவந்தால் நாளுக்குச் சில நிமிடங்களே ஆகும். மூன்றாம் மாதத்தில் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தால் வாரக்கணக்கில் இழுக்கும்.

மென்பொருளின் முடிவை மாற்றும் அதிகாரம் உள்ள ஒரு மனிதரும் இருக்க வேண்டும். ஒரே பிற்பகலில் முந்நூறு பெயர்களுக்கு ‘சரி’ என்று பொத்தானை அழுத்தும் மனிதவள அதிகாரியை மேற்பார்வையாளர் என்று சொல்ல முடியுமா?

சிங்கப்பூரில் இத்தகைய பொதுச் சட்டம் இயற்றப்படவில்லை. 2019இல் ஒரு மாதிரி வழிகாட்டிக் கட்டமைப்பும், 2022இல் ‘ஏஐ வெரிஃபை’ என்னும் சோதனைக் கருவியும் அறிமுகமாயின. இவற்றை நிறுவனங்கள் விரும்பிப் பின்பற்றலாம். ஆனால், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயமானது. வேலைக்காகத் தந்த விவரங்களைக் கணினிப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று குழு முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மென்பொருளை ஒப்படைக்கும் முன் குழு ஓர் எளிய சோதனை செய்கிறது எனக் கொள்வோம். ஒரே தன்விவரக் குறிப்பை இருமுறை உள்ளிடுகிறார்கள். இரண்டாவதில் ‘தேசிய சேவை’ என்ற வரி மட்டும் இல்லை. முதல் பத்துக்குள் இருந்த பெயர் பட்டியலின் அடியில் போய் நிற்கிறது. ஹாம்பர்க்கில் விண்ணப்பிப்போர் எவருடைய குறிப்பிலும் அந்த வரி இருக்கப்போவதில்லை. ஒப்படைக்கும் நாளைத் தள்ளிப்போடும்படி அன்று மாலையே குழு வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதுகிறது.