மழை, மூடுபனி, கறுப்பு வெள்ளை: வானம் சரியில்லாத நாள்ல கேமராவை வெளியே எடுக்கலாமா?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்விக்கான பதில்தான். ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "நவம்பர் வந்தாலே கேமராவைப் பூட்டி வெச்சிடறேன். வெளியே ஒரே சாம்பல் கலர். சரி, கறுப்பு வெள்ளைக்கு மாத்தலாம்னு பாத்தா, அழுக்குத் தண்ணில முக்கி எடுத்த மாதிரி இருக்கு. இது வானத்தோட தப்பா, என் தப்பா?"

ரெண்டும் இல்ல. பெரும்பாலும் அது கேமரா தானா எடுக்கிற ஒரு முடிவு. அந்த முடிவை எப்படி மாத்தறதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி, ஒரு பழைய படத்தைப் பத்திப் பேசிடலாம்.

1893, பிப்ரவரி 22, நியூயார்க். கடுமையான பனிப்புயல். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ், அப்போ அவருக்கு 29 வயசு, ஐந்தாவது அவென்யூல கேமராவோட நிக்கறார். ஸ்டாண்டு கிடையாது, கையிலயே பிடிச்சு எடுக்கிற கேமரா. அன்னிக்கு சீரியஸான போட்டோகிராபர்கள் பலர் அதை விளையாட்டுச் சாமானாத்தான் பாத்தாங்க. சரியான தருணத்துக்காக மூணு மணி நேரம் காத்திருந்தேன்னு அவரே பின்னாடி எழுதியிருக்கார். கடைசில கிடைச்சது, பனியைக் கிழிச்சிட்டு நம்மளைப் பாத்து வர்ற ஒரு குதிரை வண்டி. முன்னாடி பனில சக்கரத் தடங்கள் கறுப்பா கோடு போட்டிருக்கு. பின்னாடி கட்டடங்கள் கரைஞ்சு போயிட்டு இருக்கு. 'வின்டர், ஃபிஃப்த் அவென்யூ'ன்னு தேடுங்க, கிடைக்கும்.

இன்னொரு விஷயம், கண்ணாடித் தகட்டுல பதிஞ்ச முழுசையும் அவர் காட்டல. அதுல ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத்தான் பிரிண்ட் போட்டார். அதனால 'கிராப் பண்றது ஏமாத்து வேலை'ன்னு யாராவது உங்ககிட்ட சொன்னா, சிரிச்சிட்டுப் போயிடுங்க.

இப்போ அந்தப் படத்துல புயல் என்ன வேலை பண்ணுச்சுன்னு பாப்போம். நல்ல வெயில்ல அதே தெருவை எடுத்திருந்தா, வண்டியும் இருட்டா இருக்கும், பின்னாடி இருக்கிற கட்டடமும் ஜன்னலும் போர்டும் அதே அளவு இருட்டா இருக்கும். எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். பனியோ மூடுபனியோ நடுவுல வந்தா, தூரமே டோனா மாறிடும். பக்கத்துல இருக்கிறது கறுப்பு, கொஞ்சம் தள்ளி இருக்கிறது சாம்பல், ரொம்பத் தள்ளி இருக்கிறது வெள்ளை.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வானிலை பாஷைல மூடுபனின்னா, பார்வை தூரம் 1 கிலோமீட்டருக்குள்ள சுருங்கின நிலை. அந்த 1 கிலோமீட்டர் எல்லைல ஒரு கறுப்புப் பொருளோட கான்ட்ராஸ்ட் 2 சதவீதம்தான் மிஞ்சும்னு வெச்சுப்போம், இது வழக்கமா எடுத்துக்கிற அளவு. அப்போ 100 மீட்டர் தூரத்துல இருக்கிற மரத்துக்கு சுமார் 68 சதவீதம் மிஞ்சும். 250 மீட்டர்ல 38. 500 மீட்டர்ல 14. நேர்கோட்டுல குறையல, எக்ஸ்பொனென்ஷியலா குறையுது. அதாவது முதல் சில நூறு மீட்டருக்குள்ளதான் நல்ல நல்ல சாம்பல்கள் எல்லாம் இருக்கு. கொடைக்கானல்ல பனி இறங்கும்போது தூரத்து மலையைத் தேடாதீங்க. 20 மீட்டர்ல ஒரு மரம், 100 மீட்டர்ல ஒண்ணு, 300 மீட்டர்ல ஒண்ணு, இப்படி அடுக்கடுக்கா இருக்கிற இடமாப் பாத்து நில்லுங்க. அடுக்கு இல்லாத இடத்துல மூடுபனி வெறும் வெள்ளைத் தாள்தான்.

இங்க ஒரு கேள்வி வரும். 'கறுப்பு வெள்ளைக்கு சிவப்பு ஃபில்டர் போட்டா பனியை ஊடுருவிடுமே?' ஊடுருவாது. லேசான தூரத்துப் புகைமூட்டத்துல மிதக்கிற துகள்கள் ரொம்பச் சின்னது. அது நீல ஒளியைத்தான் அதிகமாச் சிதறடிக்கும், அதனால நீலத்தை வெட்டுற சிவப்பு ஃபில்டர் அங்க வேலை செய்யும். மூடுபனியோட நீர்த்துளி ஒளியோட அலைநீளத்தை விடப் பல மடங்கு பெருசு. எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும். மூடுபனி வெள்ளையா தெரியறதுக்குக் காரணமே அதான். மொத்தமா மூடின மழை வானத்துக்கும் இதே கதை. அதனால அந்த நாள்ல ஃபில்டரை வீட்லயே விட்டுட்டுப் போலாம்.

சரி, அந்த 'அழுக்குத் தண்ணி' விஷயத்துக்கு வருவோம். கேமராவோட மீட்டருக்கு முன்னாடி இருக்கிறது பனியா, கரியான்னு தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரியா ஒரு நடுத்தர சாம்பல் வர்ற மாதிரிதான் எக்ஸ்போஷர் வைக்கும். மூடுபனி இயல்பாவே அந்த நடுத்தரத்தை விட வெளிச்சமானது. மீட்டர் அதை இழுத்துக் கீழ கொண்டு வந்துடும். வெள்ளையா ஒளிர வேண்டிய பனி, சிமென்ட் மாதிரி ஆகிடும். தீர்வு சிம்பிள்: எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் +1. அடர்த்தியான பனின்னா +1.5 வரைக்கும் போங்க. போன்ல எடுக்கறீங்கன்னா திரையைத் தொட்டு, பக்கத்துல வர்ற சூரியக் குறியை மேல இழுங்க. ஈரமான தார் ரோடு, கறுத்த மேகம்னா நேர் எதிர். அங்க மீட்டர் தேவையில்லாம வெளுப்பாக்கும், -1 பக்கம் போங்க. இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வெச்சுப்பேன்னா, இதை வெச்சுக்கோங்க.

போன்ல இன்னொரு தொல்லை. எச்டிஆர்ங்கிற பேர்ல அது தானாவே கான்ட்ராஸ்ட்டை ஏத்தி, நாம விரும்பி எடுத்த பனியைத் துடைச்சு வெச்சிடும். ப்ரோ மோட் இருந்தா அதுல ரா ஃபைலா எடுங்க. முகப்புல கறுப்பு வெள்ளை ப்ரிவ்யூ வெச்சுக்கோங்க. பாக்கறது கறுப்பு வெள்ளைல, ஃபைல்ல கலர் தகவல் பத்திரமா இருக்கும்.

அந்தக் கலர் தகவல் எதுக்கு? நம்ம ஊர் ஆட்டோவை எடுத்துக்கோங்க. மழைல சாம்பல் ரோட்டுல மஞ்சள் ஆட்டோ. கறுப்பு வெள்ளைக்கு மாத்தும்போது மஞ்சள், சிவப்பு ஸ்லைடர்களை ஏத்தினா ஆட்டோ கிட்டத்தட்ட வெள்ளையா மினுங்கும். அதே ஸ்லைடர்களை இறக்கினா கறுப்பு உருவமா மாறிடும். ரோடு, வானம் ரெண்டும் பெருசா அசையாது, ஏன்னா அதுல கலரே இல்ல. ஒரே படத்துல ரெண்டு வேற கதை.

மழைத்துளி தெரியணுமா? 2 மில்லிமீட்டர் துளி நொடிக்கு சுமார் 6.5 மீட்டர் வேகத்துல விழுது. ஷட்டர் 1/60 வெச்சா, ஒவ்வொரு துளியும் சுமார் 11 சென்டிமீட்டர் கோடு. இதுதான் நம்ம கண்ணுக்கு மழைன்னு படுற நீளம். 1/500ல 1.3 சென்டிமீட்டர்தான், தூசி மாதிரி இருக்கும். ஆனா ஷட்டர் மட்டும் பத்தாது. வெளுத்த வானத்துக்கு எதிரா மழை தெரியவே தெரியாது. இருட்டான பின்னணி வேணும், வெளிச்சம் மழைக்குப் பின்னாடியிலிருந்து வரணும். டீக்கடை பல்பு, வண்டி ஹெட்லைட் எதுவும் போதும். ஃப்ளாஷ் வேண்டாம். பக்கத்துல விழற துளியெல்லாம் வெள்ளை உருண்டையா வந்து நிக்கும்.

ஏசி ரூம்ல இருந்து கேமராவை நேரா புழுக்கத்துக்கு எடுத்துட்டு வந்தா லென்ஸ் மேல ஆவி படியும். மூடின பைக்குள்ளயே அரை மணி நேரம் விட்டு, அப்புறம் திறங்க. திரும்பி வந்ததும் நல்லா துடைச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பால வைங்க. கடலோர ஊர்ல லென்ஸ் ஃபங்கஸ் சும்மா பயமுறுத்தற கதை இல்ல. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல 30 நொடிக்குக் கம்மின்னா உள்ள போயிடுங்க. தேங்கின தண்ணிக்குள்ள கால் வைக்காதீங்க, கீழ மேன்ஹோல் இருக்கா, கரன்ட் இருக்கான்னு தெரியாது.

கடைசியா, எப்போ கறுப்பு வெள்ளை வேண்டாம்? இதுல எனக்குக் கொஞ்சம் அழுத்தமான கருத்து இருக்கு. ரகுபீர் சிங் 1967ல பீகார்ல மழைல நனையற பெண்களை எடுத்த படம் கலர்ல இருக்கு. இந்தியாவைக் கலர்லதான் பாக்கணும்னு வாதாடினவர் அவர். அந்த வாதத்தை முழுசா நான் ஏத்துக்கல. ஆனா வெள்ளம்னு வந்தா அவர் பக்கம்தான் நிப்பேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சு. படகுலயும் வலையிலயும் எண்ணெய் அப்பிக் கிடந்துச்சு. அதைக் கறுப்பு வெள்ளைல எடுத்தா, எண்ணெயும் சேறும் சாதாரண மழைத்தண்ணியும் ஒரே கறுப்பு. அங்க கலர்தான் சாட்சி. அதை எடுத்துட்டா, பாதிக்கப்பட்டவரோட புகார் அழகான மூட் படமா மாறிடும். வீட்டுச் சுவத்துல தண்ணி ஏறின தடம், குடிநீரோட நிறம், இதெல்லாம் அப்படித்தான். இடுப்பளவு தண்ணில நிக்கறவரைப் படம் எடுக்கறதுக்கு முன்னாடி அவர்கிட்ட கேளுங்க. வேண்டாம்னா கேமராவைப் பைல போடுங்க, சாமான் தூக்க ஒரு கை குடுங்க.

அடுத்த மழைக்கு ஒரு சின்ன வேலை: ஒரே காட்சியை 0, +1, -1 மூணு எக்ஸ்போஷர்லயும் எடுங்க. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டு எனக்கு அனுப்புங்க. நல்லா வந்ததை எடுத்து அடுத்த எபிசோட்ல பேசுவோம்.