எழுத்தாளரே பதிப்பாளர்: வை. மு. கோதைநாயகி அம்மாள்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (டிசம்பர் 1, 1901 – பிப்ரவரி 20, 1960) தமிழ் நாவலாசிரியர், இதழாசிரியர், பதிப்பாளர், விடுதலைப் போராட்ட வீரர். 115 நாவல்கள் எழுதியவர். தம் எழுத்தை வெளியிடும் இதழையும் தாமே நடத்திய தொடக்ககாலப் பெண் எழுத்தாளர்களுள் ஒருவர்.

திருமணமும் எழுத்தும்

ஐந்தரை வயதில் வை. மு. பார்த்தசாரதியுடன் இவருக்குத் திருமணம் நடந்தது. சென்னை திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். பள்ளி சென்று படித்தவர் அல்லர். தொடக்கத்தில் இவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். ‘இந்திர மோகனா’ நாடகம் 1924-இல் நூலானது. மனைவியின் எழுத்துக்குக் கணவர் துணை நின்றார்.

வடுவூராரின் வழிகாட்டல்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில், நெல்வயல்கள் சூழ்ந்த ஊர் வடுவூர். அவ்வூரைச் சேர்ந்த துப்பறியும் நாவலாசிரியர் துரைசாமி ஐயங்கார் ‘மனோரஞ்சனி’ என்ற இதழில் தம் நாவல்களை வெளியிட்டு வந்தார். அவருடைய ஊக்கத்தால், நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழைக் கோதைநாயகி 1925-இல் வாங்கி நடத்தத் தொடங்கினார். ‘வைதேகி’ முதலிய நாவல்கள் அதில் தொடராக வந்தன.

வரவும் செலவும்

கையெழுத்துப் படியைப் பதிப்பகத்திற்கு விற்றுவிட்டால் எழுத்தாளருக்குக் கிடைப்பது ஒருமுறைத் தொகை. அதன்பின் எத்தனை பதிப்பு விற்றாலும் லாபம் பதிப்பகத்திற்கே. சொந்த இதழில் சந்தாப் பணம் முன்கூட்டியே வரும். தொடராக வந்த கதை பிறகு நூலாகவும் விற்கும். ஆனால் காகிதம், அச்சுக்கூலி, தபால் செலவு, வராத பாக்கி ஆகிய சுமைகளும் எழுத்தாளர் தலையிலேயே விழும். கோதைநாயகி பின்னர் சொந்த அச்சகமும் வைத்தார். இரண்டாம் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டையும் தாண்டி, ‘ஜகன்மோகினி’ ஏறத்தாழ 35 ஆண்டுகள் வெளிவந்தது.

அன்றைய சட்டம்

மணமான பெண்ணின் எழுத்து வருமானம் அவளது தனிச்சொத்து என்று 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம் கூறியது. ஆனால் இந்துப் பெண்களுக்கு அது பொருந்தவில்லை. மனைவி தன் உழைப்பால் ஈட்டியது கணவரின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பதே அன்றைய இந்துச் சட்ட மரபு. கணவரின் இசைவு இல்லையேல் பெண்ணால் இதழ் நடத்துவது அரிது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14-ஆம் பிரிவின்படி, சொந்தத் திறமையாலும் உழைப்பாலும் பெற்ற சொத்துக்கும் பெண்ணை முழு உரிமையாளர் ஆக்கியது.

இன்றைய நிலை

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமை தருபவர் கையொப்பமிட வேண்டும். எந்த நூல், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நாடுகளில், ராயல்டி எவ்வளவு என்பவற்றை அதில் குறிப்பிட வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். பெற்ற உரிமையைப் பதிப்பகம் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாத நிலையில், அவ்வுரிமை எழுத்தாளரிடமே திரும்பும். கோதைநாயகி காலத்தில் சொந்த இதழால் பெற வேண்டியிருந்த பாதுகாப்பில் ஒரு பகுதியை இன்று ஒழுங்காக எழுதப்பட்ட ஒப்பந்தமே தருகிறது.