படிகம் வளர்ப்பவர்கள் எங்கே போகிறார்கள்?

செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் காலை வேளையில் பொத்தேரி வந்ததும் கூட்டம் சட்டென்று குறையும். இறங்குபவர்களில் பெரும்பாலோர் எஸ்.ஆர்.எம். வளாகத்துக்குப் போகிறவர்கள், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. அடுத்தது காட்டாங்குளத்தூர், அதற்கடுத்தது மறைமலை நகர். அங்கே இறங்குபவர்களின் காலில் பாதுகாப்பு ஷூ, சட்டைப் பையின் மேல் கம்பெனி பெயர். இடையில் இருப்பது ஒரே ஒரு ஸ்டேஷன். ஆனால் பொத்தேரியில் இறங்கும் இயற்பியல் ஆய்வு மாணவர் ஒருவர் பிஎச்.டி. முடித்த கையோடு மறைமலை நகரில் இறங்கும் கூட்டத்தில் சேர்வது அபூர்வம். தைவானுக்கோ தென்கொரியாவுக்கோ போய்விடுவார். இல்லையென்றால் ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருப்பார்.

இவர்களில் பலர் செய்வது செறிபொருள் இயற்பியல். கல்லூரி வழக்கில் 'சாலிட் ஸ்டேட்'. அண்டம் எப்படிப் பிறந்தது, கருந்துளைக்குள் என்ன இருக்கிறது என்பதெல்லாம் இவர்கள் கவலையில்லை. கோடானுகோடி அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. செம்பில் மின்சாரம் ஓடுகிறது, கண்ணாடியில் ஏன் ஓடவில்லை? இரும்பு காந்தமாகிறது, அலுமினியம் ஏன் ஆவதில்லை? இயற்பியலாளர்களில் மிகப் பெரிய கூட்டம் இந்தத் துறையில்தான் இருக்கிறது. தொலைக்காட்சியில் வருவது மட்டும் கருந்துளைக்காரர்கள்.

இப்படி ஒரு குழுவில் யார் யார் இருப்பார்கள் என்பதைப் பார்க்க நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போக வேண்டும். 1908 ஜூலை 10 அன்று அங்கே ஹெய்கே காமர்லிங் ஓன்னஸ் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. பிற்பகலுக்குள் 20 லிட்டர் திரவ ஹைட்ரஜன் தயாரானது. ஹீலியம் கண்ணில் பட இரவு ஏழரை ஆகிவிட்டது. அதுவும், வேடிக்கை பார்க்க வந்த வேதியியல் பேராசிரியர் ஸ்க்ரைனமேக்கர்ஸ் குடுவையைக் கீழிருந்து விளக்கடித்துப் பார்க்கும்படி யோசனை சொன்ன பிறகு. மொத்தம் கிடைத்தது 60 மில்லி.

அன்றைக்கு அந்தப் பம்புகளையும் குழாய்களையும் ஓட்டியவர் பட்டறைத் தலைவர் கெரிட் யான் ஃப்ளிம். கடுங்குளிரில் விரிசல் விடாத குடுவைகளை ஊதித் தந்தவர் கண்ணாடிக் கலைஞர் ஆஸ்கர் கெஸல்ரிங். அவர்களுக்குக் கீழே நீலச் சட்டை போட்ட பயிற்சிப் பையன்கள். கருவி செய்யக் கற்றுத்தர ஓன்னஸ் 1901-லேயே பள்ளி மாதிரி ஓர் அமைப்பை ஏற்படுத்தியிருந்தார். ஹீலியம் வந்தது மோனசைட் மணலிலிருந்து. வட கரோலினா மணல். (நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் அதே தாதுதான் கிடக்கிறது.) இத்தனை பேர் சேர்ந்து உருவாக்கிய குளிரில்தான் 1911 ஏப்ரலில் பாதரசத்தின் மின்தடை திடீரென்று இல்லாமல் போனது. மீக்கடத்தல் என்று இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது அது. தடையை அளந்துகொண்டிருந்தவர் அப்போதுதான் 25 வயது நிறைந்திருந்த ஹோல்ஸ்ட். கட்டுரையில் ஓன்னஸின் பெயர் மட்டும்தான்.

இந்த ஹோல்ஸ்ட் பிறகு என்ன ஆனார் என்பதுதான் எனக்கு அந்தக் கண்டுபிடிப்பைவிடச் சுவையான சங்கதி. 1914-ல் ஐந்தோவன் ஊரில் பல்பு செய்துகொண்டிருந்த பிலிப்ஸ் கம்பெனி அவரை வேலைக்கு எடுத்தது. அங்கே ஆராய்ச்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கி, இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அவரே நடத்தினார். மீக்கடத்தலைப் பார்த்த கை, விளக்குக் கம்பெனியில். யாரும் அதை இறக்கமாக நினைக்கவில்லை.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. வத்திராயிருப்பில் 1898-ல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்துவிட்டுக் கல்கத்தா போய் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் புதிய ஒளிச்சிதறலை அறிவித்து நேச்சர் இதழில் வந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. நோபல் பரிசு ராமனுக்கு வந்தது. கிருஷ்ணன் 1928 முடிவதற்குள் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் காந்தப் புலத்துக்குள் தொங்கவிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு காந்தத்தன்மை என்று அளக்கும் நுட்பத்தை சாந்திலால் பானர்ஜியோடு சேர்ந்து உருவாக்கினார். இன்றைக்கும் அது அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. பிறகு மறுபடி கல்கத்தா, அலகாபாத், கடைசியில் 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். எல்லாமே பல்கலைக்கழகம், ஆய்வுக்கழகம் அல்லது அரசு. படிகம் தெரிந்த ஆளைத் தேடிவரும் கம்பெனி அன்றைய இந்தியாவில் இல்லை.

ராமனின் கூடத்தில் இன்னொருவர் இருந்தார். ஆசுதோஷ் தே. கல்லூரி வாசல் மிதிக்காத உதவியாளர். ராமன் தன் கட்டுரைகள் சிலவற்றில் அவர் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்தே வெளியிட்டார். இன்றைக்குப் பல குழுக்களில் லேப் அசிஸ்டென்ட் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் வரியில் வந்தாலே பெரிய விஷயம்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே படிகம் வளர்ப்பது ஏறக்குறைய குடிசைத் தொழில். அண்ணா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி. ராமசாமி 1980-களின் தொடக்கத்தில் கட்டியெழுப்பிய படிக வளர்ச்சி மையம் அதன் ஊற்று. அங்கே முனைவர் பட்டம் வாங்கியவர்கள் ஊர் ஊராகக் கல்லூரிகளில் ஆசிரியர்களானார்கள். அவர்களுக்கு மாணவர்கள், அந்த மாணவர்களுக்கு மாணவர்கள். ராமசாமி பின்னாளில் பழைய மாமல்லபுரம் சாலையில் காலவாக்கத்தில் உள்ள எஸ்.எஸ்.என். கல்லூரிக்குப் போய் அங்கும் ஓர் ஆய்வு மையத்தை வளர்த்தார்.

இது இவ்வளவு பரவியதற்குக் காரணம் பணம்தான். திரவ ஹீலியம் தயாரிக்கும் எந்திரத்தை மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரி வாங்க முடியாது. படிகம் வளர்க்கப் பீக்கர், காந்தக் கலக்கி, வடிதாள், வெப்பநிலை மாறாத தண்ணீர்த் தொட்டி போதும். உப்பை இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்து, வடிகட்டி, வாயைப் பாலித்தீன் தாளால் கட்டி, அதில் ஊசியால் சில ஓட்டைகள் போட்டு வைத்துவிட வேண்டும். தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகும். அடியில் சின்னச் சின்னப் படிகங்கள் தோன்றும். அவற்றில் குறையில்லாத ஒன்றை விதையாக எடுத்து மறுபடியும் கரைசலில் தொங்கவிட வேண்டும். வாரக்கணக்கில் காத்திருப்பு. தொட்டியின் சூடு அரை டிகிரி தடுமாறினால் கரைசல் முழுக்கப் பொடிப் படிகம் கொட்டிவிடும். அதனால் படிகக்காரர்களுக்கு முதல் எதிரி மின்வெட்டு. 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு சென்னையைச் சுற்றி நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது எத்தனை பேருடைய ஆய்வேட்டு அத்தியாயம் கரைந்துபோயிருக்கும் என்று ஊகிக்கலாம்.

2005-ல் கே. சங்கரநாராயணனும் ராமசாமியும் வெளியிட்ட முறை இந்தக் கூட்டத்தின் சொந்தச் சரக்கு. கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வேண்டிய திசையில் வைத்து, மேலே கரைசலை ஊற்றி, குழாயின் மேற்பகுதியை மட்டும் வளையச் சூடேற்றியால் சூடாக்குவார்கள். படிகம் ஒரே திசையில், குழாயின் விட்டத்துக்குத் தடிமனாக எழும்பி வரும். விதவிதமான வடிவத்தில் வளர்ந்ததை அறுத்து வீணாக்க வேண்டியதில்லை. இருவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து 'எஸ்.ஆர். முறை' என்கிறார்கள்.

இந்தப் படிகங்களில் பல, லேசர் ஒளியின் நிறத்தை மாற்றக்கூடியவை. கூட்டங்களில் பேச்சாளர் கையில் வைத்திருக்கும் பச்சை லேசர் பாயின்டருக்குள், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பச்சையாக்குவது இந்த வகைப் படிகம் ஒன்றுதான். குறை சொல்லவும் இடமிருக்கிறது. உப்போடு சேர்க்கும் அமினோ அமிலத்தை மாற்றிப்போட்டு, இன்னொரு படிகம் வளர்த்து, அணுக்களின் அடுக்கைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி. எடுத்து, கடினத்தன்மை பார்த்து, தூளாக்கி லேசரில் காட்டி, கட்டுரையை முடிப்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கடைசி வரியில் 'லேசர் கருவிகளுக்குப் பயன்படலாம்' என்று இருக்கும். பயன்பட்டதா என்று யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. சொந்தமாகக் கருவியில்லாத கல்லூரிகள் சாம்பிளை ஐ.ஐ.டி. பொதுக் கருவி மையத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். அளக்கும் கருவியைத் தொட்டுப் பழகாமலே அளவீட்டை விளக்கி எழுதுகிற நிலை.

வயிற்றுப்பாடு எப்படி? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வாங்கியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000. அது கிடைக்காதவர் கைடின் புராஜெக்ட் பணத்தையோ கல்லூரி தரும் சொற்ப உதவித்தொகையையோ நம்ப வேண்டும். அல்லது வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்க வேண்டும். ஆய்வு தனக்கு ஒத்துவருமா என்று ஓராண்டு பார்த்துவிட்டு விலக வழிசெய்த எம்.ஃபில். படிப்பையும் 2022 விதிகளில் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. அந்தப் படிப்பைப் பற்றிக் கேலி பேசியவர்கள் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அது நல்ல படிக்கட்டாக இருந்தது என்பது என் எண்ணம்.

கல்பாக்கம் இன்னொரு வழி. மறைமலை நகரிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டினால் வந்துவிடும். 1971-ல் உலை ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி, 1985-ல் இந்திரா காந்தி பெயர் பெற்ற அந்த நிறுவனத்தில், அணு உலையோடு பொருளறிவியலுக்கும் பெரிய பிரிவு உண்டு. மீக்கடத்தலை வைத்து மிக நுண்ணிய காந்தப் புலத்தை அளக்கும் 'ஸ்க்விட்' கருவியை உள்ளூரிலேயே செய்து, மூளையிலும் இதயத்திலும் எழும் காந்த சமிக்ஞையைப் பதிவுசெய்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்களை மட்டும் வைத்து அதைச் செய்ய முடியாது. பி.எஸ்சி. இயற்பியலோ டிப்ளமோவோ படித்தவர்கள் உதவித்தொகைப் பயிற்சியாளர்களாகச் சேர்ந்து அறிவியல் உதவியாளர்களாகிறார்கள், ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குத் தொழில்நுட்பர் வேலை. லைடன் நீலச்சட்டைப் பையன்களுக்கு நெருங்கிய உறவுக்காரர்களை நம் மாவட்டத்தில் தேடினால் இவர்கள்தான்.

வெளிநாடு போகிறவர்களில் சிலர் ஜப்பானின் ஹமாமட்சு நகரில் போய் இறங்குகிறார்கள். அங்குள்ள ஷிசுவோகா பல்கலைக்கழக வளாகத்துக்கும் சென்னைப் படிகக்காரர்களுக்கும் நீண்டநாள் பழக்கம். அந்த ஊரைப் பார்த்தால் மறைமலை நகர்க்காரருக்கு ஏதோ தெரிந்த இடம் மாதிரி இருக்கும்: சுசுகியின் தலைமையகம், யமஹா, அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறைகள். ஒரே ஒரு வித்தியாசம். அங்கே ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் கெஞ்சிரோ தகயனாகி என்ற ஆசிரியர் 1926-ல் மின்னணுக் குழாய்த் திரையில் ஓர் எழுத்தைத் தெரியவைத்தார். தொலைக்காட்சியின் தொடக்கங்களில் ஒன்று அது. அவரிடம் படித்தவர்கள் 1953-ல் தொடங்கிய சிறு கம்பெனிதான் பின்னாளில் ஹமாமட்சு போட்டானிக்ஸ். நியூட்ரினோவைப் பிடிக்க கமியோகா சுரங்கத்தில் வைத்த 20 அங்குல ஒளியுணர் குழாய்கள் அவர்கள் செய்தவை. வகுப்பறையும் கம்பெனியும் அங்கே ஒரே ஊரில், ஒரே ஆட்களின் வழியாக, வளர்ந்தன.

நம் தொழிற்பேட்டைகளில் கார்தானே செய்கிறார்கள், இதில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் கார் உற்பத்தி நின்ற காலத்திலேயே அந்தக் கேள்வி பழசாகிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் ஃபர்ஸ்ட் சோலார் ஆலை திறந்தது. அங்கே கண்ணாடித் தகட்டின் மேல் காட்மியம் டெல்லூரைடைச் சில மைக்ரான் கனத்துக்குப் படியவைத்து சூரியத் தகடு செய்கிறார்கள். எம்.எஸ்சி. மாணவர் சிறு துண்டுக் கண்ணாடியில் படியவைத்துத் தடுமாறும் அதே பொருள். ஸ்ரீபெரும்புதூரில் சான்-கோபேன் கண்ணாடி ஆலையும் அப்படித்தான். வெயிலின் சூட்டைத் தடுக்கும் கண்ணாடிக்கு நானோமீட்டர் கனத்தில் உலோக அடுக்குகள் பூச வேண்டும். அந்தக் கம்பெனியின் ஆய்வு மையம் தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இருக்கிறது. முனைவர் பட்டக்காரர்களுக்கு இங்கே திறந்திருக்கும் சில கதவுகளில் அது ஒன்று.

பல்கலைக்கழகக் கோட்டிங் யூனிட்டில் வெற்றிடம் பிடிக்காமல், எந்த இணைப்பில் காற்று கசிகிறது என்று ராத்திரி முழுக்கத் தேடிப் பழகியவருக்கு இந்த ஆலைகளின் சிக்கல் புதிதல்ல. அளவு மட்டும்தான் வேறு. அவருடைய சாம்பிள் கைவிரல் நுனியில் நிற்கும். ஆலையில் கண்ணாடி ஆறு மீட்டர் நீளம். பூச்சின் கனம் ஓரிடத்தில் சில நானோமீட்டர் பிசகினால், ஒரகடம் சாலையில் எழும்பும் அலுவலகக் கட்டடத்தின் முகப்பில் ஒரு பலகம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். காரணம் வெற்றிடமா, வாயு அழுத்தமா, தேய்ந்துபோன உலோக இலக்கா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஆலையின் வேலை விளம்பரத்தில் கல்வித்தகுதி என்ற கட்டத்தில் பி.இ., டிப்ளமோ என்று போட்டிருக்கும், எம்.எஸ்சி. இயற்பியல், பிஎச்.டி. என்று சேர்த்துப் போடுவதற்கு ஒரு வரிக்கு மேல் இடம் ஆகாது.