கொதிக்காத நீரில் வேகும் முட்டை

முட்டை வேக 100 டிகிரி சூடு தேவையே இல்லை. வெள்ளைக்கருவில் உள்ள புரதங்களில் ஒன்று 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. மஞ்சள்கரு 65-இல் தடித்து, 70-ஐத் தொடும்போது கெட்டிப்படுகிறது. வெள்ளைக்கருவில் பாதிக்கு மேல் இருக்கும் ஓவால்புமின் மட்டும் 80 வரை அசைந்து கொடுக்காது. அது இறுகிவிட்டால் முட்டை ரப்பர்தான். பால், சீஸ் சேர்த்து அடித்த முட்டைக் கலவை 78 டிகிரியை ஒட்டிப் பதமாக உறையும். அதே கலவை 85-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால் திரிந்து நீர் விடும். நடுவில் உள்ள இந்தக் குறுகிய இடைவெளியை நம்பித்தான் ‘எக் பைட்ஸ்’ என்கிற சிறு பண்டம் பிழைக்கிறது.

ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2017 ஜனவரியில் அமெரிக்கக் கடைகளில் இதை விற்கத் தொடங்கியது. பேக்கனும் க்ரூயேர் சீஸும் சேர்ந்தது ஒன்று, வெள்ளைக்கருவும் சுட்ட சிவப்புக் குடைமிளகாயும் சேர்ந்தது இன்னொன்று. பொட்டலத்துக்கு இரண்டு உருண்டைகள். ரொட்டி கிடையாது, பேக்கன் வகையில் புரதம் சுமார் 19 கிராம். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கடையில் யாரும் முட்டை உடைப்பதில்லை. வர்ஜீனியா மாநிலத்தின் க்யூசின் சொலூஷன்ஸ் நிறுவனம் வேகவைத்து அனுப்புவதைச் சூடாக்கித் தருவதோடு கடையின் வேலை முடிந்தது. அந்த நிறுவனத்தின் தலைமை அறிவியலாளர் ப்ரூனோ கூஸோ, சூ வீட் சமையலுக்கு இலக்கணம் வகுத்தவர்களில் ஒருவர். உணவை உறையில் இட்டு, காற்றை உறிஞ்சி, கொதிநிலைக்கு வெகு கீழே நிற்கும் நீரில் நிதானமாக வேகவைப்பதே சூ வீட். 1974-இல் பிரான்ஸின் ரோவான் ஊரில் த்ரவாக்ரோ சகோதரர்களின் உணவகத்துக்காக, வாத்து ஈரல் உருகி வீணாகாமல் இருக்க சமையல் கலைஞர் ஜார்ஜ் ப்ராலூ கையாண்ட வழி அது.

நீரைச் சூடாக்கிச் சுழலவிட்டு, சொன்ன டிகிரியிலேயே நிறுத்திவைக்கும் கருவி வெகுகாலம் ஆய்வுக்கூடத்திலும் பெரிய உணவகங்களிலும் மட்டுமே இருந்தது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அனோவா, ஜூல் போன்ற பெயர்களில் கைக்கு அடக்கமாக வீட்டுக்கு வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், வீட்டில் எக் பைட்ஸ் செய்யும்போது உறையும் இல்லை, உறிஞ்சுவதும் இல்லை. 120 மில்லி கண்ணாடி பாட்டில்களில் கலவையை ஊற்றி நீரில் இறக்கிவிடுகிறார்கள். சூ வீட்டின் மிச்சம் அந்த நிலையான சூடு மட்டும்தான். இந்தப் பண்டத்துக்கு அது போதும்.

ஆறு பாட்டிலுக்கு ஆறு முட்டை. துருவிய க்ரூயேர் 100 கிராம், க்ரீம் சீஸ் 60 கிராம், பால் அல்லது க்ரீம் 60 மில்லி, கால் தேக்கரண்டி உப்பு. க்ரூயேர் கிடைக்காத ஊரில், அல்லது அதன் விலையைப் பார்த்து மனம் வராதபோது, சாதாரண பிராசஸ்டு சீஸ் கட்டியே நன்றாக வருகிறது. அதில் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்புகள் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் கலவை வழுவழுப்பாக இருக்கும். க்ரீம் சீஸுக்குப் பதில் பனீர் போடலாம். அது உலர்ந்த பொருள், கூடுதலாக இரண்டு மேசைக்கரண்டி பால் விட்டு, மணல்போல் நெருடாத அளவுக்கு அரைக்க வேண்டும். சீஸ் முழுவதையும் விட்டுவிட்டு வெறும் முட்டையும் பாலும் வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதீர்கள். அந்த மென்மையில் பாதி கொழுப்பு தருவது. வெள்ளைக்கரு வகை எனக்கு ஒப்பாததற்கும் அதுவே காரணம்.

எல்லாவற்றையும் மிக்ஸியில் குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் நுரை கட்டும். நுரை அப்படியே உறைந்து மேல்பாகம் பஞ்சாகிவிடும். அரைத்ததைப் பத்து நிமிடம் விட்டு, மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் வழித்துவிடுவது நல்லது.

உள்ளே போடும் காய்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். காளான், கீரை, குடைமிளகாய், தக்காளி எல்லாம் தண்ணீர் சுமந்து வருபவை. பச்சையாகப் போட்டால் பாட்டிலின் அடியில் குளம் கட்டும். வாணலியில் நீர் சுண்டும் வரை வதக்கி, ஆறவைத்துப் போட வேண்டும். இன்னொன்று: 78 டிகிரி நீரில் எதுவும் சிவக்காது. சிவந்த வெங்காயத்துக்கும் முறுகிய பேக்கனுக்கும் உரிய வாசனை பிறக்க 140 டிகிரிக்கு மேல் சூடு தேவை. அந்த வேலையை அடுப்பில் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

பாட்டிலின் உட்புறம் வெண்ணெய் தடவி, முக்கால் பங்கு நிரப்பி, மூடியை இரண்டு விரலால் திருகும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். சூட்டில் விரியும் காற்று வெளியேற வழி வேண்டும். முழு பலத்தோடு திருகினால் பாட்டில் விரிசல் விடும், தளரவிட்டால் நீர் உள்ளே புகும். முதல் சில நிமிடங்களில் குமிழிகள் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை நேராகச் சூடான நீரில் இறக்கக் கூடாது. கண்ணாடிதான், வெடிக்கும். நீர் 78 டிகிரியில் இருந்தால் ஒரு மணி நேரம். அவசரமென்றால் 85-இல் 25 நிமிடம். முன்னது வழுவழுப்பு, பின்னது கொஞ்சம் கெட்டி. இரண்டுமே சால்மொனெல்லா கிருமிக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்லும் 71 டிகிரியைத் தாண்டியவை.

இதற்காக மட்டும் கருவி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. இறைச்சியும் மீனும் அடிக்கடி அப்படிச் சமைக்கிறவர்கள் வாங்கட்டும். மற்றவர்கள் இட்லிப் பானையை எடுக்கலாம், ஒரு நிபந்தனையோடு. மூடிய பானைக்குள் ஆவி 100 டிகிரியை எட்டிவிடும், முட்டையில் தேன்கூடுபோல் ஓட்டை விழும். ஜப்பானில் சவன்முஷி என்னும் முட்டைக் கலவையை ஆவியில் வைக்கிறவர்கள் இதற்காகவே மூடியைச் சற்றுத் திறந்து வைத்துத் தீயைக் குறைக்கிறார்கள். நாமும் அப்படியே செய்யலாம்: சிறிய ஸ்டீல் டம்ளர்களில் ஊற்றி, ஆவி நீர் சொட்டாமல் ஃபாயில் தாளால் வாய் மூடி, பானைக்கும் மூடிக்கும் இடையில் ஒரு கரண்டியைச் செருகி, சிறு தீயில் 15 நிமிடம் கழித்து அசைத்துப் பார்க்க வேண்டும். நடுப்பகுதி தயிர்போல் லேசாகத் தளும்பினால் இறக்கிவிடலாம். மீதியை உள்ளிருக்கும் சூடே பார்த்துக்கொள்ளும். சூடு கட்டுக்குள் நிற்காத இந்த முறையில் ஒரு தேக்கரண்டி சோளமாவைப் பாலில் கரைத்துச் சேர்ப்பது உதவும். மாவு கலந்த முட்டை எளிதில் திரியாது.

மூடிய பாட்டிலில் இருப்பதால் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இந்தச் சூட்டில், உணவை நஞ்சாக்கும் பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமான இடம் அதற்குச் சொந்த வீடு மாதிரி. வெந்ததும் குளிர்ந்த நீரில் ஆறவைத்து உடனே ஃபிரிட்ஜில் வைத்தால் நான்கு நாள் தாங்கும். மைக்ரோவேவில் சூடாக்கும்போது மூடியைக் கழற்றிவிட்டுப் பாதி சக்தியில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய பதம் அரை நிமிடத்தில் ரப்பராகும். எனக்குப் பிடித்த வழி வேறு: பாட்டிலிலிருந்து கவிழ்த்து எடுத்து, வெண்ணெய் உருகிய தோசைக்கல்லில் ஒரு பக்கம் மட்டும் சிவக்கவிட்டு, மிளகைப் பொடித்துத் தூவிச் சாப்பிடுவது. கடையில் கிடைப்பதில் அந்த முறுகல் இருக்காது.