பரணில் உறங்கும் பாட விளையாட்டுகள்

பழைய சரக்கில் இரண்டு வகை உண்டு என்று கடைத்தெருவில் சொல்வார்கள். பழைய அரிசி, பழைய புளி, பழைய செம்பு மாதிரி நாள் ஆக ஆக மதிப்பு ஏறுவது ஒரு வகை. நாள் ஆக ஆகக் குப்பைக்குப் போவது இன்னொரு வகை. இந்த இரண்டிலும் சேராத சரக்கு ஒன்று நம் வீட்டுப் பரண்களில் கிடக்கிறது. 1990-களிலும் 2000-த்தை ஒட்டியும் நம் பிள்ளைகளுக்காக வாங்கிய கம்ப்யூட்டர் பிளாப்பிகளும் சி.டி.க்களும்தான் அவை. கணக்குப் போடும் விளையாட்டு, உலகப் படம் காட்டும் விளையாட்டு, 'அ'வுக்கு அம்மா என்று பேசிக் காட்டிய தமிழ் விளையாட்டு எல்லாம் அதில் அடக்கம். விற்கப் போனால் காலணா தேறாது. ஆனால் தொலைந்துவிட்டால் எந்தக் கடையிலும் திரும்பக் கிடைக்காது.

அலிபிரி அடிவாரத்தைச் சுற்றியும் திருப்பதி நகருக்குள்ளும் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் அன்று அந்த விளையாட்டுகளை ஆடிய பசங்க இன்று 35, 40 வயதுக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இன்று செல்போனைத் தேய்க்கிறார்கள். அந்தப் பழைய விளையாட்டுகளில் அப்படி என்ன இருந்தது, அவை ஏன் அழிகின்றன, எப்படி மீட்பது என்ற மூன்று விஷயங்களையும் நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில் இங்கே சொல்கிறேன்.

விளையாட்டே பாடம்

விளையாட்டு மூலம் கற்பிப்பது கம்ப்யூட்டர் கொண்டுவந்த புதுமை அல்ல. பல்லாங்குழியின் 14 குழிகளில் சோழி போட்ட குழந்தை எண்ணவும் பங்கு பிரிக்கவும் கற்றது. ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலிகளைப் பல ஆடுகள் கூடி மடக்கும் உபாயம் தெரிந்தது. பரமபதத்தில் ஏணி நல்வினை, பாம்பு தீவினை. இதே ஆட்டத்தைச் சமணர்களும் 84 கட்டங்கள் கொண்ட ஞானப் பலகையாக வைத்திருந்தனர். அதன் உச்சியில் இருப்பது சித்தர் உலகம். அலிபிரியில் முதல் படியைத் தொட்டு வணங்கி 3,550 படிகள் ஏறுகிறவர்களுக்கு, ஏறுவதும் சறுக்குவதும் மறுபடி ஏறுவதும்தான் பாடம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. தப்பு செய்தால் யாரும் திட்டுவதில்லை. ஆட்டம் மட்டும் மாறும். குழந்தை தானாகவே, "சரி, வேற மாதிரி போட்டுப் பாப்போம்" என்று அடுத்த காயை நகர்த்தும். நல்ல கம்ப்யூட்டர் பாட விளையாட்டுகளும் இதே குணத்தோடுதான் பிறந்தன.

ஆமை போட்ட கோலம்

அமெரிக்காவில் 1967-இல் சீமோர் பேப்பர்ட், வாலி ஃபோர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உண்டாக்கினர். பிற்பாடு அதில் ஓர் ஆமை சேர்ந்தது. 'முன்னே 100 போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு' என்று நான்கு தரம் சொன்னால் ஆமை சதுரம் போடும். முக்கோணம் போடச் சொன்னால் பெரும்பாலான பிள்ளைகள் 60 பாகை என்றே சொல்வார்கள், படம் கோணலாகப் போகும். தானே ஆமையாக எழுந்து நடந்து பார்த்தால்தான் விளங்கும்: உள்கோணம் 60 என்றாலும் திரும்ப வேண்டியது 120. புத்தகத்தில் மனப்பாடம் செய்த வெளிக்கோணம் அங்கே காலில் ஏறிவிடும்.

நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கம்பி இழுக்கும் கோலத்திலும் இதே கணக்கு இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 1970-களிலேயே கோலத்தின் அமைப்பைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். வாசலில் பாட்டி போட்டதும் திரையில் ஆமை போட்டதும் ஒரே அறிவின் இரு கிளைகள்.

250 பள்ளிகளில் ஒரு பெட்டி

நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் பரவலாக வந்தது 1984-85-இல். 'கிளாஸ்' என்று பெயர் சூட்டிய திட்டத்தில் மத்திய அரசு முதற்கட்டமாக 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது. கேந்திரிய வித்யாலயாக்களும் அவற்றில் உண்டு. வந்த பெட்டி இங்கிலாந்தின் 'பி.பி.சி. மைக்ரோ'. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு அதுபோல் பல மடங்கு இடம் வேண்டும். அந்தச் சிறு இடத்துக்குள் கணக்கு, பூகோளம், வார்த்தை விளையாட்டு எல்லாம் அடங்கின. பெட்டியோடு வந்த பாட நிரல்களிலும் இங்கிலாந்துச் சரக்கு இருந்ததால் நம் பிள்ளைகளுக்கு அவை சில சமயம் ஒட்டவில்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு பெட்டியைச் சுற்றி முட்டி மோதி உட்கார்ந்தவர்கள் அதை மறக்கவில்லை.

1990-களில் கம்ப்யூட்டர் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வந்தது. எங்கள் கடையிலும் கணக்கு எழுதத்தான் வாங்கினோம். கடை அடைத்த பிறகு அது பிள்ளைகள் கைக்குப் போய்விடும். இதே காலத்தில், 1993-இல், அலிபிரி அருகே மண்டல அறிவியல் மையம் திறந்தது. தொட்டுப் பார், இயக்கிப் பார், பிறகு தெரிந்துகொள் என்பது அதன் முறை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்வந்த பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டும் அதே ஜாதிச் சரக்காகவே தெரிந்தது.

காகிதம் காத்த விளையாட்டு

பாட விளையாட்டுகளில் பேர் போனது 'ஓரிகன் டிரெயில்'. 1971-இல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் வரலாற்று வகுப்புக்காக இதை யோசித்தார். கூட இருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் இருவரும் நிரல் எழுதிக் கொடுத்தனர். 1840-களில் மாட்டு வண்டியில் ஏறக்குறைய 2,000 மைல் மேற்கே குடிபெயர்ந்தவர்களின் கதை அது. கையிருப்புப் பணத்தில் மாட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிமணிக்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். வரவு செலவு தப்பினால் நடுவழியில் குடும்பம் பட்டினி. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. அன்று திரைகூடக் கிடையாது. தட்டச்சுப் பொறி மாதிரி ஒரு கருவி கேள்வியைக் காகிதத்தில் அடித்துக் காட்டும், பிள்ளைகள் பதிலைத் தட்டுவார்கள்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் ராவிட்ச் அந்த நிரலைப் பள்ளிக் கணினியிலிருந்து அழித்துவிட்டார். ஆனால் முழு நிரலையும் காகிதத்தில் அச்சடித்துச் சுருட்டி வைத்திருந்தார். 1974-இல் மினசோட்டா மாநிலக் கல்விக் கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் காகிதத்தைப் பார்த்து வரி வரியாகத் திரும்பத் தட்டினார். அதன் பிறகுதான் அந்த விளையாட்டு பல பள்ளிகளுக்கும் பரவியது. ஆக, கணினி மறந்ததைக் காகிதம் காப்பாற்றியது.

நம் பசங்க விரும்பி ஆடிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1989-இல் வந்த அந்த விளையாட்டின் மூல நிரல் காணாமல் போயிருந்தது. 2012-இல் அதை ஆக்கிய ஜோர்டன் மெக்னரின் தந்தை தம் வீட்டிலிருந்து ஒரு பெட்டியை அனுப்பி வைக்க, அதற்குள் அந்தப் பிளாப்பிகள் இருந்தன. விஷயம் தெரிந்தவர்கள் கூடி அதைப் படித்தெடுத்தார்கள். அப்பாக்கள் எதையும் தூக்கி எறிய மாட்டார்கள் என்ற குறை அங்கே புண்ணியமாக முடிந்தது.

செப்பேடும் பிளாப்பியும்

நம் தலைக்கு மேலே திருமலையில் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள் ஒரு சிற்றறையில் நூற்றாண்டுகள் கிடந்தன. 1920-களில் அவை வெளிச்சத்துக்கு வந்தபோது, எடுத்தவர் கண்ணால் படித்தார். கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாடல்கள் மீண்டன. ஆனால் அவர் பாடியபோது ஒலித்த மெட்டு ஏட்டில் இல்லை, ராகத்தின் பெயர்தான் இருந்தது. பாடுகிறவர் பரம்பரை அறுந்தால் ஏடு பாதியைத்தான் காப்பாற்றும்.

இங்கிலாந்தில் 1086-இல் எழுதிய 'டூம்ஸ்டே' நிலக்கணக்குப் புத்தகத்தை இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆம் ஆண்டை ஒட்டி 1986-இல் பி.பி.சி. நிறுவனம் செய்த லேசர் தட்டுகளைப் படிக்க, 16 ஆண்டுகளுக்குள் ஆராய்ச்சியாளர்கள் தனி முயற்சி எடுக்க வேண்டி வந்தது. பிளாப்பியும் அந்த ஜாதிதான். அதற்குள் இருப்பதைக் கண் படிக்காது.

நான்கு பூட்டுகள்

பழைய விளையாட்டைத் திறக்க நான்கு பூட்டுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் பூட்டு தட்டு. பிளாப்பி என்பது பிளாஸ்டிக் மேல் பூசிய காந்தத் தூள். ஈரமும் வெயிலும் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் கருவிக்குள் போடாதீர்கள், தட்டும் போகும், கருவியும் கெடும். மூன்றரை அங்குலத் தட்டில் மூலையிலுள்ள சிறு கதவைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்துவிட்டால் தவறிப்போய் மேலெழுதி அழிக்க முடியாது. இதை முதலில் செய்யவும்.

இரண்டாவது பூட்டு கருவி. யு.எஸ்.பி. வழியாக இணைக்கும் பிளாப்பி டிரைவை இன்றும் வாங்கலாம். ஒரு தட்டின் கொள்ளளவே 1.44 மெகாபைட். ஆகவே நூறு தட்டுகளும் ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கும். சி.டி. என்றால் அதன் முழு நகலை ஒரே கோப்பாக எடுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது பூட்டு இயங்குதளம். டாஸ் காலத்து விளையாட்டை இன்றைய 64-பிட் விண்டோஸ் ஏற்காது. இதற்கு 2002 முதல் 'டாஸ்பாக்ஸ்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது புதுக் கணினிக்குள் பழைய கணினி மாதிரி நடிக்கும், வேகத்தைக்கூடக் குறைத்துக் கொள்ளும். விண்டோஸ் 98 காலத்துச் சி.டி.க்கு அந்த விண்டோஸையே விர்ச்சுவல் மெஷின் ஒன்றில் ஏற்ற வேண்டும். இணையத்தில் ஓடிய ஃபிளாஷ் விளையாட்டுகளுக்கு 2020 டிசம்பர் 31-உடன் ஆதரவு நின்றது. அவற்றை ஓட்ட 'ரஃபிள்' என்ற கருவி உண்டு. தட்டே கைவசம் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் இணைய நூலகம் 2015 ஜனவரியில் 2,000-க்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை உலாவியிலேயே ஆடும்படி வைத்தது. ஓரிகன் டிரெயில் அதில் உண்டு.

நான்காவது பூட்டு எழுத்து. இது நம் தமிழுக்கென்றே வாய்த்த பூட்டு. யூனிகோடு பரவுமுன் ஆளுக்கொரு எழுத்துருவும் குறியீடும் வைத்திருந்தார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு தாம், தாப் என்ற குறியீடுகளை வகுத்தது. அதற்குப் பிறகும் பலவும் புழங்கின. அதனால் பழைய தமிழ்ச் சி.டி.யைத் திறந்தால் 'அம்மா' இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல் தெரியும். சி.டி.யோடு வந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்துப் படியெடுத்தால்தான் அது வாய் திறக்கும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முறையாக வாங்கிய மென்பொருள் தொலைந்துவிடாதிருக்க ஒரு காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதை விற்பதற்கு இடம் தரவில்லை. வியாபாரி என்ற முறையில் இதைக் கவனித்து நடக்கச் சொல்வேன்.

யாருக்கு நஷ்டம்?

இங்கிலீஷ் விளையாட்டுகளைக் காக்க உலகத்தில் ஆள் இருக்கிறார்கள். நம் தமிழ் எழுத்து விளையாட்டுச் சி.டி.க்கள் அப்படியல்ல. சின்ன நிறுவனங்கள் கொஞ்சப் பிரதி போட்டு விற்றவை. பள்ளியில் தெலுங்கும் இங்கிலீஷும் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளுக்கு, 'ற'வுக்கும் 'ர'வுக்கும், 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் வித்தியாசத்தைக் காதில் போட்டவை அவை. எங்கள் வீட்டில் என் மகள் 'ழ'வைப் பிடித்தது அப்படித்தான். மீட்ட சி.டி.யைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினபோது அவன் திரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நகரவே மாட்டேங்குது, கெட்டுப் போச்சா?" என்றான். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அம்புக்குறிச் சாவியைக் காட்டித் தந்தாள். கால் மணியில் பேரன் எழுத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் மட்டும் அங்கே இல்லாவிட்டால் பழுதில்லாத சி.டி.யும் பழுதுதான்.

ஆகவே காக்க வேண்டியவை இரண்டு: தட்டு ஒன்று, ஆடத் தெரிந்தவர் ஒருவர். முதலாவதைப் பிரதி எடுக்கலாம். இரண்டாவதைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தான் தரவேண்டும்.

படியெடுத்தலும் தானமே

உணவு, மருந்து, அபயம், சாத்திரம் என்று நால்வகைத் தானம் சொல்வது எங்கள் நயினார் குடும்பங்களில் வழக்கம். சாத்திர தானம் என்றால் நூலைப் படியெடுத்துப் பலருக்கும் கொடுப்பது. 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பே என்ற அம்மையார் கவி பொன்னரின் சாந்தி புராணத்தை 1,000 பிரதி எழுதிக் கொடுத்தார் என்பது வரலாறு. ஒரே பிரதியைப் பூட்டி வைத்த நூல்கள் கரையான் வாயில் போயின. பலர் கையில் இருந்தவை பிழைத்தன. பிளாப்பிக்கும் இதே நியாயம்தான்.

வரும் விடுமுறையில் ஒவ்வொரு வீட்டிலும் பரணை இறக்குங்கள். பிளாப்பி, சி.டி., அவற்றோடு வந்த கையேடு, எழுத்துரு எதையும் பிரிக்காமல் ஒரே உறையில் போட்டு, என்ன விளையாட்டு, எந்த வருஷம் வாங்கியது என்று மேலே எழுதுங்கள். நம் சங்கம் ஒரு நாள் குறித்து, கம்ப்யூட்டர் தெரிந்த நம் இளைஞர்களை உட்கார வைத்தால் அன்றைக்கே பாதிச் சரக்கைப் படியெடுத்துவிடலாம். ஒரு பிரதி உரிய வீட்டுக் கணினியில், இன்னொன்று பென் டிரைவில், மூன்றாவது வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ இருக்கட்டும். பிரதி எடுத்த அன்று மாலையே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்து ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்கள். காந்தத் தூளுக்கு நாள் ஆகிக்கொண்டே இருக்கிறது. இந்த வருஷம் படிக்கிற தட்டு அடுத்த வருஷமும் படிக்கும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் எழுதித் தரமாட்டார்கள்.